காலை ஊசியும் மிளகு விரதமும்

வெறுமையாகத் திரும்பி வரும் தட்டுகளைக் கண்டால் அருமைநாயகிக்கு மனம் நிறைந்துவிடும். சாவகச்சேரிக்குச் சற்றுப் புறத்தே, தென்னந்தோட்டமொன்றின் நடுவே இருந்த ஞானாம்பிகை நிலையத்தில் அவள்தான் ஒரே தாதி. வயதாலும் நோயாலும் தளர்ந்தவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் அந்த வீட்டை, மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பிய தியாகலிங்கம் என்பவர், இறந்துபோன தம் மனைவியின் பெயரில் நடத்தி வந்தார். பிள்ளைகள் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஊரில் பார்க்க ஆளில்லாமற்போன தாய் தகப்பன்மாரே அங்கு அதிகம்.

அருமைநாயகி குருநகர்க்காரி, கிறிஸ்து வேதக்காரக் குடும்பத்துப் பெண். அவள் வேலைக்கு வந்த அன்றே தியாகலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரேயொரு நிபந்தனை சொன்னார்.

"பிள்ளை, மனவருத்தப்படக்கூடாது. இது சைவ ஆக்களின்ரை இடம். குசினிக்குள்ளையும் பந்தியிலையும் மட்டும் நீங்கள் வரவேண்டாம். மிச்சமெல்லாம் உங்கடை ராச்சியம்."

இதைவிடக் கேவலமாகச் சொன்னவர்களையும் அவள் கண்டிருக்கிறாள். ஆகவே பெரிதுபடுத்தவில்லை. ஆனால் நோயாளி என்ன சாப்பிடுகிறான் என்று தெரியாமல் எப்படி மருந்து கொடுப்பது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். பந்தி முடிந்ததும் தட்டுகளைக் கழுவுவதற்குக் கிணற்றடிக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு இனாமல் தட்டின் அடியிலும் உரியவரின் முதலெழுத்துச் சிவப்பு மையால் எழுதியிருக்கும். அருமைநாயகி அங்கே நின்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பாள். பாதிச் சோறு மிஞ்சிய தட்டுக்காரரை உடனே தேடிப் போவாள். இப்படித்தான் ஒருவரின் பல்வலியும் இன்னொருவரின் உட்காய்ச்சலும் அவளுக்குப் பிடிபட்டன. நல்ல முறைதான். ஒரு குறை மட்டும் அதில் இருந்தது: தட்டு வெறுமையாகிவிட்டது என்று தெரியும், யார் வயிற்றுக்குள் போய் வெறுமையானது என்று தெரியாது.

கந்தசட்டி தொடங்கிய நாள் அது. விடியற்காலையில் வழக்கம்போல நமசிவாயத்தாருக்கு அவள் இன்சுலின் ஊசி போட்டாள். மலாயா றெயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவர், சலரோகம் முற்றியவர். ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது டொக்டரின் கண்டிப்பான சொல். நமசிவாயத்தாரும் ரயில் நேரம் பார்ப்பதுபோல் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பந்திக்குப் போவார். அன்றும் போனார். கிணற்றடிக்கு வந்த 'ந' தட்டில் ஒரு பிட்டுத் துகள்கூட இல்லை. அருமைநாயகி சந்தோஷமாகக் கட்டுப்போடும் வேலையைப் பார்க்கப் போனாள்.

வெயில் ஏறிய நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து மணியோசை கேட்டது. கூடவே கற்பூர வாசனை. சட்டிக்குப் பூசை செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு யாரோ "அரோகரா!" என்று வீறிட்ட சத்தத்தில் பூசையை மீறிய ஒரு பதற்றம் இருக்கவே, கையிலிருந்த பஞ்சை வைத்துவிட்டு ஓடினாள்.

நமசிவாயத்தாரின் மனைவி குணலட்சுமியின் கட்டிலடியில் சனம் திரண்டு நின்றது. குணலட்சுமிக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் நின்றுபோய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. மூன்று வேளையும் அவருக்கு உணவு ஊட்டித் தீத்துவது நமசிவாயத்தார்தான்; வேறு ஒருவர் கையால் அவர் வாங்கமாட்டார். அந்தக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்தபடி நமசிவாயத்தார் நிலத்தில் குந்தியிருந்தார். உடம்பு முழுக்க நடுக்கம். வேட்டி நனைந்து ஒட்டுமளவுக்கு வியர்வை. கண் எங்கோ நிலைகுத்தி நின்றது. சமையற்காரி சிவக்கொழுந்து அவருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி வைத்துவிட்டுக் கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

"கிட்டப் போகாதை பிள்ளை! உரு வந்திருக்குது. சட்டி துடங்கின நாளிலை முருகன் இறங்கியிருக்கிறான்."

"கேளப்பா, கேள்!" என்று வாசலில் நின்ற ஏரம்பர் சிவக்கொழுந்திடம் அந்தரப்பட்டார். அவரும் நிலையத்தில் தங்கியிருப்பவர், மீசாலைப் பக்கத்துக் கமக்காரர்; அயலவனோடு வேலி வழக்குப் பேசியே வயது போனவர். "என்ரை வழக்கு எப்ப தீரும் எண்டு கேள்!"

நமசிவாயத்தாரின் வாய் குழறியது. "கதவைச் சாத்து... கொடி காட்டியாச்சு... கதவைச் சாத்து..."

"பாத்தியளோ! கதவெண்டு வேலிப் படலையைத்தான் சொல்லுறார். படலைப் பக்கம் எனக்குத்தான் வரும்!"

அருமைநாயகிக்கு வேலி வழக்கும் தெரியாது, உருவும் தெரியாது. ஆனால் அந்த வியர்வையை அவள் ஆசுபத்திரியில் கண்டிருக்கிறாள். இன்சுலின் உள்ளே போய்ச் சோறு போகாத உடம்பின் வியர்வை அது. அவரின் நெற்றியைத் தொட்டாள். கிணற்றுக் கல்போலக் குளிர்ந்து கிடந்தது.

"சிவக்கொழுந்தக்கா, சீனி! கெதியாச் சீனியும் தேனும் கொண்டு வாங்கோ! நிக்காதையுங்கோ!"

அவள் குரலில் இருந்த உறுதிக்குச் சிவக்கொழுந்து கற்பூரத்தையும் மறந்து ஓடினாள். ஆனால் சீனித் தண்ணீரை வாயருகே கொண்டுபோனதும் நமசிவாயத்தார் பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். நினைவு பாதி போன நிலையிலும் தலையை இடமும் வலமும் ஆட்டினார். பலவந்தமாக ஊற்றினால் புரையேறிவிடும். அருமைநாயகி அவர் தலையை மடியில் சரித்துப் பிடித்தாள். கீழ்வரிசையில், கடைவாய்க்குக் கிட்டே ஒரு பல் இல்லாத இடைவெளி இருந்தது. தேனைச் சுட்டுவிரலில் தொட்டு, அந்த இடைவெளியால் நாக்கோரத்தில் தடவினாள். மறுபடி தொட்டாள், மறுபடி தடவினாள். கடிபடுமோ என்று பயம்தான். இரண்டொரு தரம் கடிபட்டது.

கற்பூரம் எரிந்து முடிய, நடுக்கம் அடங்கியது. இன்னும் கொஞ்சத்தில் நமசிவாயத்தார் கண்ணைச் சுழற்றிப் பார்த்தார். உதட்டை நக்கினார். நக்கியவர் திடுக்கிட்டார்.

"ஆர் எனக்கு இனிப்புத் தந்தது?"

"நான்தான் ஐயா."

"என்ரை விரதத்தை முறிச்சுப் போட்டீரே பிள்ளை!" என்று புலம்பி அந்தப் பெரிய மனிதர் சிறுபிள்ளைபோல முகத்தைப் பொத்திக்கொண்டார்.

விசாரணை விறாந்தையில் நடந்தது. தியாகலிங்கம் சாய்மனைக் கதிரையில் இருந்தார், சாயவில்லை. சிவக்கொழுந்து சேலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்துத் துடைத்து உண்மையைச் சொன்னாள். நமசிவாயத்தார் மிளகு விரதம் பிடிக்கிறார். முதல் நாள் ஒரு மிளகும் தண்ணீரும், அடுத்த நாள் இரண்டு மிளகு, இப்படியே ஆறு நாளும். ஏழாம் நாள் பாறணைக்குத்தான் சோறு. பந்தியில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். தாதிக்கு மட்டும் தெரியாது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை அக்கா?"

"நீ வேதக்காரப் பிள்ளை. மறிப்பாய் எண்டு பயந்தம். மறிச்சால் அந்தப் பாவம் உனக்குமெல்லோ?"

தன்னுடைய ஆத்துமாவைக் காப்பாற்றவும் சேர்த்துத்தான் மறைத்திருக்கிறார்கள் என்று கேட்டபோது அருமைநாயகிக்குக் கோபப்படவும் முடியவில்லை.

"அப்ப அந்தப் பிட்டு?" என்றார் தியாகலிங்கம்.

எல்லோரும் ஏரம்பரைப் பார்த்தார்கள்.

"சோத்தை வீணாக்கப்படாது எண்டு நினைச்சன்," என்றார் ஏரம்பர், கூரையைப் பார்த்தபடி. "அவர் தட்டைத் தள்ளினார். நான் வழிச்சன். உவ பிள்ளை தட்டைப் பாத்துச் சந்தோஷப்படுவா எண்டும் ஒரு எண்ணம்."

"நல்ல எண்ணம்! மனுசன் சாகப் பாத்தார்!"

"சாகிற ஆள் எனக்குப் படலையை ஏன் சொல்லவேணும்?"

பின்னேரம் சாவகச்சேரியிலிருந்து டொக்டர் வந்து பார்த்தார். ஊசியை முழுதாக நிறுத்தினாலும் ஆபத்து, போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தாலும் ஆபத்து என்றார். பாலும் பழமும் தவறாமல் எடுப்பாரென்றால் ஊசியைப் பாதியாக்கிச் சமாளிக்கலாம். மிளகும் தண்ணீரும் என்றால் இந்த ஆறு நாள் தாண்டுவார் என்று தன்னால் சொல்ல முடியாது என்றுவிட்டுப் போனார்.

தியாகலிங்கம் அருமைநாயகியிடம் திரும்பினார். "சைவ நிலையத்திலை இருந்துகொண்டு விரதம் பிடிக்காதை எண்டு நான் ஒருத்தருக்குச் சொல்லுறதோ? யாழ்ப்பாணத்து ஆசுபத்திரிக்கு அனுப்பிவிடுவமோ பிள்ளை?"

"அனுப்பினால் அங்கையும் சாப்பிடமாட்டார். இஞ்சை அம்மாவும் சாப்பிடமாட்டா. ரெண்டு பேரையும் சேர்த்துப் பறிகுடுக்கிறதாத்தான் முடியும்."

"அப்ப என்ன செய்ய?"

"விரதத்தை விடச் சொல்லி நான் கேக்கேல்லை ஐயா. எங்கடை அம்மாவும் தபசு காலத்திலை ஒருசந்தி இருக்கிறவதான். பாலும் பழமும் எடுத்தாலும் விரதம்தானே? ஆனால் ஒண்டு. ஊசி போடுறது நான் எண்டால், சாப்பாடு தொண்டைக்குள்ளை இறங்கிறதைப் பாக்கிறதும் நானாத்தான் இருக்கவேணும். தட்டைப் பாத்து இனி நான் ஊசி போடமாட்டன்."

பந்தியில் வேதக்காரப் பெண் வந்து நின்றால் யார் யார் தட்டைத் தள்ளிவிட்டு எழும்புவார்கள் என்று தியாகலிங்கம் மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

முதலில் நமசிவாயத்தார் இணங்க வேண்டுமே. அவர் இணங்கவில்லை.

"பால் பழம் குஞ்சு குருமனும் பிடிக்கும் பிள்ளை. நான் கேக்கிறது சின்ன வரமில்லை. அவ கதைக்கவேணும். ஒரு சொல்லுப் போதும். என்னைத் திட்டினாலும் காணும். அதுக்கு மிளகு விரதம்தான் எண்டு நேர்ந்துபோட்டன்."

"உங்களுக்கு ஒண்டு நடந்தால் அவவுக்கு ஆர் தீத்துறது ஐயா?"

"முருகன் பாப்பான்," என்றார் அவர். சொன்ன வேகத்திலேயே அவர் முகம் வாடியதையும் அவள் கவனித்தாள். ஆனால் வாக்கு மாற்றவில்லை. ரயில் விட்ட பிறகு கொடியை மடக்கிய மனிதரைப்போல உட்கார்ந்துவிட்டார்.

அருமைநாயகி பெண்கள் பக்கத்துக்கு வந்தாள். குணலட்சுமியைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகில் பவுடர் போடுகிற நேரம். புண் வராமலிருக்க இதை அவள் ஒருநாளும் தவறவிடுவதில்லை. பக்கத்தில் சிவக்கொழுந்து தண்ணீர் மாற்ற வந்தவள், கட்டிலுக்கு மேலாகவே கதைத்தாள்: "பாவம் மனுசன், இவவுக்காகத்தான் எல்லாம். நாளைக்கு ரெண்டு மிளகுதானாம். தாங்குவாரோ தெரியாது."

குணலட்சுமியின் கண் சிவக்கொழுந்தையும் அருமைநாயகியையும் மாறி மாறிப் பார்த்தது. அந்தப் பார்வையைக் கண்டதும் அருமைநாயகியின் கை நின்றது. பேச்சு நின்றவருக்குக் கேட்கும் சக்தியும் நின்றுவிட்டது என்றல்லவா எல்லோரும் நடந்துகொள்கிறார்கள்! காலையில் தன் கட்டிலடியில் கணவன் நடுங்கி விழுந்ததைப் பார்த்துக்கொண்டு கிடந்த பெண். பிறகு என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று ஒருவர்கூட இவரிடம் சொல்லவில்லை. தானும் சொல்லவில்லை.

சிவக்கொழுந்து போனதும் அருமைநாயகி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, குணலட்சுமியின் கண் தன்னைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தாள்.

"அம்மா, காலமை நடந்ததைச் சொல்லுறன். உங்களுக்குத் தெரியவேணும்."

எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஊசி என்ன செய்கிறது, சோறு போகாவிட்டால் என்ன ஆகிறது, மிளகு, நேர்த்தி, ஒரு சொல்லுக்கான வரம், டொக்டர் சொன்னது எல்லாம். குணலட்சுமி கண் வெட்டாமல் கேட்டார். இடையில் ஒரு கண்ணால் நீர் வழிந்தது. சொல்லி முடிந்ததும் அவருடைய நல்ல கை, இடது கை, கட்டில் விரிப்பைத் தடவிக்கொண்டு வந்து அருமைநாயகியின் மணிக்கட்டைப் பிடித்தது. விரல்களில் நல்ல பலம் இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு நமசிவாயத்தார் நொய்யரிசிக் கஞ்சியோடு வந்தார். காலையில் விழுந்தவர் என்று தெரியக்கூடாது என்பதற்காக நிமிர்ந்து நடந்தார். கட்டிலில் இருந்து, துவாயை மனைவியின் கழுத்தடியில் விரித்து, கரண்டியை ஊதி நீட்டினார்.

குணலட்சுமி வாயைத் திறக்கவில்லை.

"இஞ்சேரும், சுடாது. ஊதிப்போட்டன்."

வாய் இறுகியிருந்தது.

"உப்புக் காணாதோ? சிவக்கொழுந்து போட்டவள்தானே... கொஞ்சம் திறவும். என்ன கோவம்? மலாயாவிலை, கம்பாரிலை இருந்த காலத்திலையும் உப்பிடித்தான், கோவம் வந்தால் வாயைப் பூட்டுவீர்."

இடது கை மெல்ல எழுந்தது. கரண்டியைப் பிடித்து, கஞ்சி சிந்தச் சிந்த, அதை அவருடைய வாய்ப் பக்கம் திருப்பித் தள்ளியது.

நமசிவாயத்தார் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற அருமைநாயகியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீர் சொன்னனீரோ?"

"ஓம் ஐயா. அவவின்ரை பேரிலை செய்யிற விரதம். அவவுக்கு மறைச்சது பிழை."

"உமக்கென்ன தெரியும் பிள்ளை!" என்றுவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை வைத்த சத்தத்தில் பக்கத்துக் கட்டில் கிழவி விழித்துக்கொண்டாள். அவர் போய்விட்டார். அருமைநாயகி கெஞ்சிப் பார்த்தாள், சிவக்கொழுந்தும் கெஞ்சினாள். அன்றிரவு குணலட்சுமி ஒரு வாய்கூட எடுக்கவில்லை. தான் செய்தது சரியா என்று அருமைநாயகிக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவர் பட்டினியை நிறுத்தப் போய் இருவரைப் பட்டினி போட்டாயிற்றே!

விடிந்ததும் ஊசித் தட்டத்தோடு அவள் ஆண்கள் பக்கம் போனபோது நமசிவாயத்தார் அங்கே இல்லை. குளித்து, திருநீறு பூசி, மனைவியின் கட்டிலடியில் நின்றுகொண்டிருந்தார். கையில் குணலட்சுமிக்கான பசும்பால். முகத்தைப் பார்த்தால் அவரும் தூங்கியவராகத் தெரியவில்லை.

"பாலெண்டாலும் குடியும்," என்றார். குரலில் நேற்றைய அதிகாரம் இல்லை. "ரா முழுக்க வெறும் வயிறு. உம்மடை உடம்புக்கு இது கூடாது."

இறுகிய வாய். கோப்பையைத் தள்ளும் இடது கை.

"நீர் கதைக்கவேணும் எண்டுதானே நான்..."

குணலட்சுமி அவரைப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்ற தாதிக்கே விளங்கிற்று. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவருக்கு விளங்காமலிருக்குமா? ஒரு சொல் கேட்டுத்தான் அவர் நேர்ந்தார். அந்தச் சொல் வேண்டாம், நீர் வேண்டும் என்று கட்டிலில் கிடந்தபடியே குணலட்சுமி சொல்லிக்கொண்டிருந்தார்.

நமசிவாயத்தார் கிழக்குப் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ சொன்னார். முருகனிடம் கணக்குத் தீர்த்தாரோ, மன்னிப்புக் கேட்டாரோ தெரியாது. பிறகு கோப்பையை வாயில் வைத்துப் பாதிப் பாலைக் குடித்தார்.

"பாத்தீரோ? இறங்கிட்டுது. இனித் திறவும்."

குணலட்சுமி வாயைத் திறந்தார்.

"மிச்சத்துக்கு ரெண்டு கதலிப்பழமும் சாப்பிடவேணும் ஐயா," என்றாள் அருமைநாயகி. அவர் பழத்தை உரித்துத் தின்றார். ஒரு துண்டை மசித்து மனைவிக்கும் கொடுத்தார். கடைசித் துண்டு விழுங்கப்படும்வரை பார்த்துக்கொண்டு நின்ற பிறகே அவள் பாதி ஊசியை ஏற்றினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒழுங்கு மாறியது: முதலில் சாப்பாடு, அதைக் கண்ணால் கண்ட பிறகுதான் ஊசி. டொக்டரும் இதற்குத் தலையாட்டினார்.

பந்தி விஷயத்தில் தியாகலிங்கம் சட்டி முடியுமட்டும் யோசித்தார். நிலையத்தில் மருந்து எடுப்பவர்கள் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்; எல்லோரையும் மனைவியின் கட்டிலடியில் இருத்திச் சாப்பாடு போட முடியாது. கடைசியில் பாறணையன்று காலை அவரே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தி நடக்கும் அறைக்குள், சுவரோரமாக வைத்தார்.

"இது தாதிப் பிள்ளையின்ரை கதிரை. விருப்பமில்லாத ஆக்கள் இப்பவே சொல்லலாம்."

அளவெட்டியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எழும்பி, தட்டைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனார். அவருடன் இன்னொருவரும் போனார். மற்றவர்கள் இருந்தார்கள். சிவக்கொழுந்து கதிரையைத் துடைத்துவிட்டாள்.

"விறாந்தைக்குப் போனவை ஆர் எவர் எண்டு நான் பாத்துக்கொள்ளுவன் பிள்ளை," என்றார் ஏரம்பர் உதவியாக. "அவையின்ரை தட்டையும் நான்..."

"நீங்கள் உங்கடை தட்டை மட்டும் பாருங்கோ!" என்று நாலு குரல் ஒன்றாகக் கேட்டது.

நமசிவாயத்தாருக்கு முன்னால் பாறணைச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் இருந்தன. குணலட்சுமி பேசவில்லை. இனிப் பேசுவார் என்று டொக்டரும் சொல்லவில்லை. நமசிவாயத்தார் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன பிள்ளை, ஒவ்வொரு வாயாப் பாத்துக்கொண்டு இருக்கப் போறீரோ?"

"ஓம் ஐயா."

"அப்ப கொஞ்சம் கெதியாச் சாப்பிடுறன். அங்கை அவ பாத்துக்கொண்டு கிடப்பா."

"கெதியாச் சாப்பிட வேண்டாம். மென்று சாப்பிடுங்கோ. அவவிட்டை நான் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

நமசிவாயத்தார் கவளத்தை வாயில் வைத்தார்.